சோபா அண்ணனும் எதிர்க்கடையும்

கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனி எடுத்த வியாபார முடிவுக்காகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் தெருவில் இருந்தார். அதுவும் என் கடைக்கு நேர் எதிரே. என் தலையெழுத்து.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் போகிற வழியில், ஷேர் ஆட்டோக்கள் நினைத்த இடத்தில் நிற்கிற ஒரு திருப்பத்தில் நான் கம்ப்யூட்டர் கேம் கடை வைத்திருக்கிறேன். பிளைவுட் தடுப்பு, தடுப்புக்கு ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு ஒரு ஹெட்போன். வருகிறவர் சத்தமில்லாமல் உட்கார்ந்து, சத்தமில்லாமல் நாலு பேரைச் சுட்டுவிட்டு, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போவார். நாகரிகமான தொழில்.

எதிர்க்கடையில் ஒரு பெரிய டி.வி., அதோடு இணைத்த, வீடியோ கேம் ஓட்டுகிற கன்சோல் பெட்டி, அதன் முன்னால் நாலு பேர் இடித்துக்கொண்டு உட்காரக்கூடிய மெரூன் கலர் சோபா. சோபாவின் வலது மூலையில் எப்போதும் கடைக்காரர். பம்மல் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது. சோபா அண்ணன் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அந்தக் கடையிலிருந்து கிளம்பும் கூச்சலில் என் ஹெட்போன்களுக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. நான் கடை திறந்த முதல் வாரமே சண்டைக்குப் போனேன். "அண்ணா, கொஞ்சம் மெதுவா விளையாடச் சொல்லக்கூடாதா? என் கஸ்டமர்ஸ் கம்ப்ளெயின்ட் பண்றாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் கடை இன்னாப்பா ஆஸ்பத்திரி வார்டு மாறி கீது? ஆளாளுக்கு ஒரு மறைப்பு வெச்சு. உன் கடையில தோத்தவன் இன்னா பண்ணுவான்? காதுல கீறத கழட்டி வெச்சுட்டு பூடுவான். என் கடையில தோத்தவன் நாலு பேர் எதிர்ல தோக்கறான். அவனுக்கு ராத்திரி தூக்கம் வருமா? மறுநா நான் வர்றதுக்கு முன்னாடி ஷட்டராண்ட நிப்பான். ஜெயிச்சவன் வருவான், வராமயும் பூடுவான். தோத்தவன்தான்பா கஸ்டமர்."

இது வெறும் பேச்சு இல்லை, கடையின் சட்டமே அதுதான். தோற்றவர் கையில் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு எழுந்து சோபாவுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். மறுநாள் முதல் ஆட்டம் அவருக்கு, அவரைத் தோற்கடித்தவரோடு. நடுவில் கலெக்டரே வந்தாலும் இடம் கிடையாது. யாராவது தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருந்தால் அண்ணனே கன்ட்ரோலரைப் பிடுங்கி அவரை மண் கவ்வ வைப்பார். கேட்டால், "ஜெயிச்சுகினே கீறவன் யாவாரத்துக்கு ஆவ மாட்டான்" என்பார்.

எனக்கு உண்மையில் வயிறு எரிந்தது வேறொரு விஷயத்தில். அப்போது ஒரு கத்திச் சண்டை கேம் ஊரையே ஆட்டிக்கொண்டிருந்தது. அது கன்சோலில் மட்டும்தான் வரும், கம்ப்யூட்டருக்குத் தரவே மாட்டோம் என்று கன்சோல் கம்பெனி பிடிவாதமாக இருந்தது. அந்தக் கேம் வேண்டுமென்றால் அந்தப் பெட்டியைத்தான் வாங்கியாக வேண்டும். அதுதான் அவர்கள் போட்ட கணக்கு. அண்ணன் அந்தக் கணக்கைத் தன் சொந்தக் கௌரவமாக எடுத்துக்கொண்டார். கடை வாசலில் பெயின்டால் எழுதிய போர்டு ஒன்று தொங்கியது: 'இந்த கேம் எதிர்க்கடையில் கிடைக்காது.' எதிர்க்கடை என்றால் நான். தினமும் ஷட்டரைத் தூக்கியதும் அந்த போர்டின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். என் ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் பல காரணங்கள் சொன்னார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

பிறகு ஒருநாள் கம்பெனிக்குப் புத்தி மாறியது. கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் சட்டைப் பையிலும் காசு இருக்கிறது என்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதே கத்திச் சண்டை, அதே ரத்தம், கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. நான் அன்று மாலையே ஒரு போர்டு வைத்தேன்: 'இப்போது இங்கேயும் கிடைக்கும்.' எழுத்து அவருடையதைவிடப் பெரியது.

அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தது அப்போதுதான். நடுரோட்டில் நின்று கத்தினார். "நான் உசுர குடுத்து அவன் பேர சொல்லிக்கினு கீறேன். அவன் உனுக்கு பின்னாடி கதவ தொறந்து வுடறான். இன்னாடா நியாயம் இது?"

"என்கிட்ட ஏன் அண்ணா கத்தறீங்க? நானா அந்தக் கம்பெனி?"

"நீ ஏன்டா பல்ல காட்டற?"

காட்டினேன்தான். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பும் போயிற்று. அண்ணன் கடைக்குச் சோறு போட்டது கத்திச் சண்டை இல்லை, கார் ரேஸ். டி.வி. திரை நாலாகப் பிரியும், நாலு பேர் ஒரே சோபாவில் இடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். கம்பெனி புதுப் பதிப்பு ஒன்று விட்டது. அதில் திரை பிரியாது. நாலு பேர் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு இன்டர்நெட், மாதா மாதம் ஆளுக்கொரு சந்தா. அண்ணன் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரைத் தெருவுக்கே திருப்பி வைத்தார்.

"மேடம், என் சோபால நாலு பேர் குந்திகினு கீறாங்க. ஒருத்தன்தான் ஆட முடியுது. மீதி மூணு பேர நான் இன்னா பண்றது?"

"சார், அவங்க அவங்க வீட்ல இருந்தே ஆன்லைன்ல சேர்ந்து விளையாடலாம் சார்."

"அவனவன் வூட்லேர்ந்து ஆடறதுக்கு நான் ஏம்மா கடை வெச்சுகீறேன்?"

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

தெருவே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஏசி போட்டுக்கொண்டு, ஒரே சோபாவில் நாலு பேர் உட்கார்ந்தால் மூன்று பெட்டி விற்காமல் போகிறது என்று ஒருவன் சொல்லியிருப்பான். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டியிருப்பார்கள். சோபாவின் மூலையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதைச் சொல்ல அங்கே ஒரு நாதி இல்லை.

அண்ணன் விடவில்லை. பழைய பெட்டியையும் பழைய டிஸ்க்கையும் வைத்தே ஓட்டினார். ஆனால் பெட்டிக்கும் வயதாகிவிட்டது. டிஸ்க்கைப் படிக்கிற லென்ஸ் மக்கர் பண்ணியது. சர்வீஸில் கேட்டால் அந்த மாடலே நின்றுபோய்விட்டது, பார்ட்ஸ் வராது என்றார்கள். புதுப் பெட்டியில் டிஸ்க் போடவே இடம் இல்லை. கூட்டம் குறைந்தது. கட்டட ஓனர் மோமோஸ் கடைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து, அண்ணன் உட்கார்ந்திருக்கும்போதே சுவரை அளக்க விட்டார்.

அன்று எனக்கு வந்த கோபத்தில் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினேன். அந்தப் பழைய கார் ரேஸ் கம்ப்யூட்டருக்கு இன்னும் கிடைத்தது. திரை நாலாகப் பிரிந்தது. நாலு கன்ட்ரோலரைச் செருகினால் நாலும் வேலை செய்தது. கன்சோல்காரன் கைகழுவிய சோபா ஆட்டத்தை என் கம்ப்யூட்டர் பத்திரமாக வைத்திருந்தது. ரோட்டைத் தாண்டிப் போய்ச் சொன்னேன்.

"கம்ப்யூட்டர்ல கார் ரேஸா? அதுக்கு நான் தாம்பரம் ஸ்டேஷன்ல கர்ச்சீப் விப்பேன். போடா வேலைய பாத்துகினு."

"வீம்பு பிடிச்ச மனுஷன்யா நீங்க. எக்கேடோ கெட்டுப் போங்க!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மாலை, அண்ணன் கடைக்குத் தினமும் வருகிற இன்சூரன்ஸ் ஆபீஸ் சாரின் முறை. முந்தின நாள் மெக்கானிக் டேவிட்டிடம் தோற்றவர், அன்று பாதி ரேஸில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அப்போது பெட்டி கர்ரென்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. அண்ணன் தட்டினார், ஊதினார், கெட்ட வார்த்தை சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை.

"அண்ணா, நான் லீடிங்ல இருந்தேன். இதை இப்படியே விட முடியாது" என்றார் இன்சூரன்ஸ் சார். "எதிர்க்கடையில இந்த ரேஸ் ஓடுதாமே, அங்கே போகலாம்."

"நான் வர மாட்டேன்" என்று சோபாவின் மூலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் அண்ணன்.

டேவிட் கெஞ்சிப் பார்த்தார். பிறகு ஒரு பக்கம் டேவிட், ஒரு பக்கம் இன்சூரன்ஸ் சார், பின்னால் நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அண்ணனோடு சோபாவைத் தூக்கிவிட்டார்கள். நடுரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று பிரேக் போட்டது. "இன்னாங்கடா, சாமி ஊர்வலமா?" என்றார் டிரைவர். "ஹாரன் அடிச்ச, டயர்ல காத்த புடுங்கிடுவேன்" என்றார் சாமி.

என் வாசலில் சோபா சிக்கிக்கொண்டது. தடுப்பு இடித்தது. வெளியே பஸ் வேறு வந்து நின்று ஹாரன் அடிக்கிறது, உள்ளே ஹெட்போன்காரர்கள் முறைக்கிறார்கள், சோபாவின் மேலிருந்து அவர் என் கடையைக் கேவலமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில், காசு கொடுத்து நானே அடித்த பிளைவுட் தடுப்பை நானே உதைத்துப் பிடுங்கி வெளியே எறிந்தேன். சோபா உள்ளே வந்தது. ரேஸ் நடந்தது. இன்சூரன்ஸ் சார் ஜெயித்தார். அண்ணன் திரையைக் காட்டி, "ஓடுதுப்பா" என்றார். அவ்வளவுதான்.

எதிரே மோமோஸ் கடை வந்துவிட்டது. அண்ணன் இப்போது என் கடையில்தான். ஏசியைக் குறை என்பார், ஏற்று என்பார். என் தொழிலின் நாகரிகம் மொத்தமும் போயிற்று. தினமும் ஒரு சண்டையாவது போட்டுக்கொள்கிறோம்.

போன வாரம் புதிதாக வந்த ஒரு ஐ.டி. கம்பெனி ஆள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "யார் சார் அந்த லூசு? எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டு. அனுப்பிடுங்க சார்" என்றார். நான் அவர் கம்ப்யூட்டரை அணைத்து, பணத்தைத் திருப்பிக் கையில் கொடுத்து, கதவைக் காட்டினேன். அந்த மனிதரைத் திட்ட இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் உரிமை இருக்கிறது.

அண்ணன் சோபாவிலிருந்து கத்தினார். "வந்த கஸ்டமர தொரத்தி வுடறியே, உனுக்கு யாவாரம் தெரியுமாடா?"

தெரியாதுதான். அதற்குத்தானே அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.