நீதிபதியின் புருஷனுக்கு மணித்தியாலம் போதவில்லை

கலியாணம் கட்டிய ஆணுக்கு ஞாபகசக்தி தேவையில்லை என்று பல வருடம் நம்பியிருந்தேன். (மனைவியும் சட்டத்தரணி என்றால் மூளையே தேவையில்லை.)

நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் சட்டத்தரணிகள் வருடாவருடம் இத்தனை மணித்தியாலம் வகுப்புக் கேட்டுப் பதிய வேண்டும். டிசம்பர் வந்தால் மனைவி சுகந்தி என்னைச் சோபாவில் இருத்தி, கணினியில் வகுப்புகளை ஓடவிட்டு, எனக்கும் சேர்த்தே பதிந்துவிடுவாள். பிறகு அவள் நீதிபதியானாள். சோபாவில் நான் தனியாளானேன்.

"உமக்கு மட்டும் மணித்தியாலக் கணக்கு இல்லையோ?" என்று பொருமினேன்.

"எங்களுக்கும் படிப்பு இருக்கு. நீதிபதியளுக்கு நீதிபதியளே படிப்பிக்கினம். ஆனா மணித்தியாலம் குறையுது எண்டு வெளியாள் வந்து எங்களை நிப்பாட்டேலாது. விட்டா தீர்ப்பிலயும் கை வைப்பாங்களெல்லே? நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ."

ஆளை மறியலில் கம்பி எண்ண அனுப்புகிறவளை நம்புவார்களாம், என்னை நம்பமாட்டார்களாம்! அந்தக் கோபத்திலேயே டிசம்பர் போய்விட்டது. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. சுகந்தி பார்ப்பாள் என்று விட்டுவிட்டேன்.

மே மாதம். மனைவியைப் பிரிந்து வாழும் என் கட்சிக்காரர் அந்தோனி அண்ணையின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் முதல் நற்கருணை. தாய் அவரை வரவிடமாட்டேன் என்றுவிட்டார். நீதிமன்ற அனுமதி கேட்க வெள்ளிக்கிழமை கம்பீரமாக எழும்பினேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஃபோனைப் பார்த்தபடி தானும் எழும்பி, என் சட்டத்தொழில் அனுமதிப்பத்திரம் அன்று காலை இடைநிறுத்தப்பட்டுவிட்டது என்றார்.

நீதிபதி (நல்லகாலம், சுகந்தி இல்லை) காரணம் கேட்டார். வகுப்பு மணித்தியாலம் குறைவு என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை அண்ணைக்குத் தமிழில் சொன்னார். தமிழில் அது இன்னும் கேவலமாக இருந்தது.

"தம்பி, படிக்காமலோ வந்தனீங்கள்?" என்றார் அண்ணை.

வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஞாயிறு அண்ணை வழக்கம்போல பேக்கரிக்கு வேலைக்குப் போனார். பிறகு வேறொரு சட்டத்தரணியைப் பிடித்துக் கொடுத்தேன். இப்போது வாரக் கடைசியில் மகள் அவரிடம் வருகிறாள். ஆனால் முதல் நற்கருணை ஒரு தரம்தான்.

எங்கள் வீட்டில் இது பெரிய பகிடி. குப்பையை வெளியே வைக்க மறந்தாலும் மகன், "அப்பா, வகுப்பு அவர்ஸ் முடிச்சாச்சா?" என்பான். போன நத்தார்ப் பண்டிகைக்கு அண்ணை கேக் கொண்டுவந்தபோதும் கேட்டான். எல்லோரும் சிரித்தோம், அண்ணையும்தான். போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டபடி, "உண்மையா முடிஞ்சுதோ, தம்பி?" என்றார்.

"ஓம் அண்ணை, ஜனவரியிலயே முடிச்சிட்டன்."

"நல்லது. அண்டைக்கு நான் பிள்ளையின்ர பூசை முடியுமட்டும் பேக்கரி மணிக்கூட்டைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."