உங்கள் நிழல் தேவைப்படுகிறது, மச்சான்

மரியாதைக்குரிய அர்ச்சுனன் மச்சானுக்கு,

குனோங் ராபாட்டிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் சீனி வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நல்லம்மாளின் முழங்காலும் என் பிரஷரும் மட்டும் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை. ஆயர் தாவாரில் நீங்கள் நலமா என்று போனில் கேட்கலாமென்றால் நீங்கள் எடுப்பதில்லை. உங்களைத் தனியே விட்டுக் காளியம்மா அக்கா கண்மூடி இரண்டு வருடமாகிறது, அன்றிலிருந்து அண்ணன் வாசலைத் தாண்டுவதில்லை என்று உங்கள் தங்கை அழுகிறாள். ஆனால் அவள் அழுகைக்காக நான் இதை எழுதவில்லை. உங்களால் எனக்கு ஒரு வேலை ஆகவேண்டியிருக்கிறது.

ரிட்டயர் ஆகிச் சும்மா இருக்க முடியாமல், வீட்டோரச் சிமெண்டுத் தரையில் ஒரு சூரியக் கடிகாரம் வரைந்திருக்கிறேன். அதில் முள் கிடையாது, ஆள்தான் முள். நடுவில் மாதக் கட்டங்கள், இரண்டு பக்கமும் மணி எண்கள். எந்த மாதமோ அந்தக் கட்டத்தில் ஏறி நின்றால், நம் நிழல் எந்த எண் பக்கம் விழுகிறதோ அதுதான் மணி. இண்டர்நெட்டில் பார்த்து அப்படியே வரைந்தேன். அது ஏதோ குளிர் தேசத்துக்குப் போட்ட கணக்காம், அங்கே எண்கள் முட்டை வடிவில் நிற்குமாம், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நாம் அந்த முட்டையை அமுக்கி அமுக்கிப் புடலங்காயாக்க வேண்டுமாம். இதெல்லாம் இரண்டு டின் சாயம் தீர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். சரியாக வரைந்தும் அது சூரியன் மணியைத்தான் சொன்னது, அரசாங்க மணிக்கு ஒன்றேகால் மணி நேரம் பின்தங்கியே காட்டியது. எதிர்வீட்டுத் தினேஸ்வரி அதைப் பார்த்துவிட்டு ஆற அமரக் கிளம்பிப் போயிருக்கிறாள். திரும்பி வந்து, "அங்கிள், ஒங்க கடியாரத்த நம்பிப் போனேன், கிளினிக்ல என் நம்பரு தாண்டிப் போச்சு லா!" என்று வாசலில் நின்று ஒரு பிடி பிடித்தாள்.

அவள் திட்டிக்கொண்டிருக்க, எனக்கு உங்கள் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது மச்சான். எண்பத்திரண்டில் மலேசிய அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதே, அன்று எஸ்டேட்டில் கும்மிருட்டில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்து நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் வரிசையிலிருந்து, "ஐயா, மணிய மாத்திட்டீங்க, சரி. சூரியனுக்கு யாரு போயி சொல்றது?" என்றீர்கள். களமே சிரித்தது. காளியம்மா அக்கா உங்களை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான் என்று நல்லம்மாள் இன்னும் சொல்வாள். அன்று தள்ளிய அந்த அரை மணியும் இந்த ஒன்றேகால் மணிக்குள் என் சிமெண்டுத் தரையில் அப்படியே கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

கையில் கடிகாரம் இல்லாத காலத்தில், ரப்பர்ப் பால் நிறுக்கும் ஸ்டோருக்கு முன்னால் நீங்கள் நின்றால் அந்த ஆறடி ஆளின் நிழலைப் பார்த்துத்தானே நாங்கள் மணி சொன்னோம்? எனக்கோ உச்சி வேளையில் என் தொந்தியே நிழலை விழுங்கிவிடுகிறது. நல்லம்மாளைக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னேன். "இந்த வெயில்ல கையத் தூக்கிக்கிட்டு நிக்க நான் என்ன டிராஃபிக் போலீசா? எங்கண்ணனக் கூப்பிடுங்க, அதுதான் நெட்டையா இருக்கு" என்றாள். ஆகவே இது முழுக்க முழுக்கத் தொழில்நுட்பத் தேவை. நெட்டையான ஆள் இல்லாமல் இந்தக் கடிகாரம் ஓடாது. ஜூன் கட்டம் காலியாக இருக்கிறது. நீங்கள் ஈப்போ பஸ் ஏறினால் போதும், நான் மோட்டார் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஏற்றிக்கொள்கிறேன்.

உங்கள் ஆசி எங்களுக்கும், எங்கள் கும்பிடு காளியம்மா அக்கா படத்துக்கும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையிடம் தினமும் ஏச்சு வாங்கும்
சீனி

பி.கு.: நல்லம்மாள் இதைப் படித்துவிட்டு, "பொய் எழுதி எங்கண்ணன வரவைக்காதீங்க" என்கிறாள். சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிகாரத்துக்கு உயரம் தேவையே இல்லை. நிழல் எந்தத் திசையில் விழுகிறது என்பதுதான் கணக்கு. ஒரு விளக்குமாற்றை நிமிர்த்திப் பிடித்தாலே மணி தெரிகிறது, பத்து நாளாக நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம். இன்று காலையில் உங்கள் தங்கை விளக்குமாற்றை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, ஜூன் கட்டத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். நிற்கக்கூட வேண்டாம் மச்சான், உட்கார்ந்தாலும் மணி தெரியும். வாங்க.