இரண்டாம் பக்கத்து இருமல்

அன்பும் அறிவும் அநியாயத்துக்குப் பிடிவாதமும் ஒருங்கே அமையப்பெற்ற என் அக்காள் மகளுக்கு,

உன் தாய்மாமன், யாரும் கேட்காவிட்டாலும் குடும்பத்துக்கு ஆலோசனை வழங்கும் திருப்பணியில் நாற்பதாண்டு பூர்த்தி செய்தவன், வலது கையால் எழுதி இடது கையால் தொண்டையைத் தடவிக்கொண்டு விடுக்கும் மடல். இங்கே உன் அம்மா சுகம், வீடு சுகம், என் தொண்டை மட்டும் சுகமில்லை. காரணம் கீழே வருகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் போனில் நீ இட்ட கட்டளை ஞாபகம் இருக்கும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு உனக்கு லீவு கிடைக்காது, அதனால் அப்பா பாடின ரெக்கார்டைச் சுத்தம் செய்து உன் பரிசாக அம்மாவிடம் கொடுக்க வேண்டும், அந்தக் கரகர சத்தத்தோடு அம்மா இனி கேட்கக்கூடாது என்றாய். நான் உடனே தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது பிறகுதான் உறைத்து, வாயாலும் சரி என்றேன். அங்கே பிடித்தது சனி.

அந்த ரெக்கார்டைப் பற்றி நான் உனக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. ஆனாலும் விற்பேன். கிறிஸ்துமஸ் பாட்டுகள், நாற்பது பேர் கொண்ட கோயில் பாடகர் குழு, ஒரே ஒரு மைக், கடைசி வரிசையில் அடிக்குரலான பாஸ் பாடகராக உன் அப்பா, அதாவது என் அத்தான். இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. இரண்டாம் சரணம் முடிந்து, ஆர்கன் அடங்கி, குழுத்தலைவர் கையைத் தூக்கி நிறுத்த, உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த மௌனத்தில், 'க்ஹும், க்ஹும்' என்று அத்தான் இரண்டு முறை இருமுவார். மறுபடி பதிவு செய்ய நேரமில்லாமல் அப்படியே ரெக்கார்டாகி விட்டது. குழுத்தலைவர் ஆறு மாதம் அத்தானோடு பேசவில்லை. நானோ அந்த இருமலும் பாட்டில் சேர்த்திதான் என்று நம்பி வளர்ந்தவன். பிறகு வேறொரு குழு அதே பாட்டை இருமாமல் பாடியதைக் கேட்டு, பாதி பாட்டை மறந்துவிட்டார்களே என்று அவர்களுக்காக வெட்கப்பட்டிருக்கிறேன். உன் அம்மா மட்டும் ஒவ்வொரு வருஷமும் அந்த இடம் வந்ததும் ரெக்கார்டு பிளேயரைப் பார்த்து, "ஒரு வாய் தண்ணி குடிச்சா என்ன?" என்பாள். அத்தான் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்திலும் அவரை விட்டுவிட்டு ரெக்கார்டைத்தான் பார்த்துச் சொல்வாள்.

அந்தப் பாட்டுகளையே இன்று கிதாரோடும் முரசோடும் ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பாடுகிறார்கள், ஒன்றும் ஜனவரியைத் தாண்டுவதில்லை. பழைய குழுப் பாட்டு மட்டும் ஐம்பது வருஷமாக எல்லா வீட்டிலும் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று நான் ஆராய்ச்சி செய்திருக்கிறேன். முடிவு இதுதான்: நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் மூச்சு விட்டு, ஒருவரோடொருவர் சண்டை போடாமல் இருந்ததற்கு மனித வரலாற்றில் வேறு ஆதாரம் கிடையாது. கூர்ந்து கேட்டால் அந்த மூச்சு கேட்கும். யாரோ ஒரு அம்மாள் அரை நொடி முந்திப் போய் உச்சத்தில் நின்றுகொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருப்பது கேட்கும். பிழையோடு இருப்பதால் அது நம் வீட்டு மனுஷர் போல இருக்கிறது. இந்த ஆராய்ச்சியை நான் சுத்தம் செய்யக் கொடுப்பதற்கு முன் செய்திருக்க வேண்டும். பின்னால் செய்தேன்.

தையல் கடை மாடியில் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். தங்கமான மனிதர், வேலையில் பேய். நாலாம் நாள் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். கண்ணாடி துடைத்த மாதிரி இருந்தது. நான் பரவசத்தில் எழுந்து நின்று கைதட்டி, கைதட்டி முடித்து, திரும்பவும் உட்கார்ந்தேன். உட்கார்ந்த நாற்காலியில் ரெக்கார்டு இருந்தது. இரண்டே துண்டுதான், என் எடைக்கு அது சாதனை. போனால் போகிறது, பாட்டு பத்திரமாகக் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டு, துண்டுகளை உறைக்குள் சேர்த்து வைத்துவிட்டு, சின்ன ஸ்பீக்கர் பெட்டியோடு உன் அம்மா வீட்டுக்குப் போனேன்.

மூன்றாவது பாட்டு வந்தது. இரண்டாம் சரணம் முடிந்தது. உன் அம்மா வழக்கம்போல வாயைத் திறந்தாள். மௌனம். அதற்குப் பிறகும் மௌனம். நேரே மூன்றாம் சரணம். தூசி, கீறலோடு சேர்த்து அத்தானையும் அந்தப் பேய் மனிதர் துடைத்துவிட்டிருந்தார். நாற்பது குரலில் அத்தான் குரல் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. தனியாக அவருடையது என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த இரண்டு இருமல்தான். உன் அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டு, "நல்லா இருக்குடா, சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

மாடிப்படி நான்கு நான்காகத் தாவி ஒலிப்பதிவாளரிடம் ஓடினேன். சுத்தம் செய்யாத பிரதி எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்று தலையைச் சொறிந்தார். அந்த ரெக்கார்டின் இன்னொரு பிரதி ஓய்வுபெற்ற ஆர்கன்காரர் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். இருந்தது, சுவரில், நடுவில் முட்கள் பொருத்தி மணி காட்டிக்கொண்டு. வேறு வழியில்லை, மருமகளே. அத்தானின் இருமலை நன்கு அறிந்த ஒரே ஆண்மகன் நான். நானே இருமுவது என்று முடிவு செய்தேன். கீழே தையல் மெஷின் நிற்கும் இடைவெளி பார்த்து நாற்பத்தொரு தடவை இருமினேன். பன்னிரண்டாவதில் தையற்காரர் தண்ணீர்ச் செம்போடு மாடியேறி வந்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடட்டுமா என்றார். கடைசி இருமல் அச்சு அசல் அத்தான் என்று எனக்கே பட்டது. அதைச் சேர்த்து அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று கிறிஸ்துமஸ் காலை. கோயிலுக்குப் போய் வந்து பெட்டியைப் போட்டோம். இரண்டாம் சரணம் முடிந்தது. 'க்ஹும், க்ஹும்.' உன் அம்மா தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அது இருமல் இல்லடா," என்றாள். "அன்னிக்கு நான் ஜன்னலுக்கு வெளியே நின்னுட்டிருந்தேன். எங்கப்பாகிட்ட வந்து பேசறதா இருந்தா இருமுங்க, இல்லேன்னா நான் கிளம்பறேன்னு சொல்லியிருந்தேன். பாட்டு மேல பாட்டா போகுது, மனுஷன் வாயைத் திறந்து பாடறாரே ஒழிய இருமக் காணோம். நான் செருப்பை மாட்டிட்டேன். அப்பதான் இருமினார்."

ஐம்பது வருஷம் யாரிடமும் சொல்லாததை, அந்த இருமல் தொலைந்து கிடைத்த பிறகு என்னிடம் சொல்கிறாள். நாற்பது பேர் சாட்சியாக, ஆர்கன் வாத்தியம் மௌனம் காக்க, உன் பெற்றோரின் கல்யாணம் நிச்சயமானது அந்த இடத்தில். அதில் நான் என் தொண்டையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். சொந்த அக்காவுக்குச் சம்மதம் சொன்ன பாவி உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. நீயும் சொல்லாதே. இந்தப் பாவத்தில் பாதியை உன் பெயருக்கு எழுதிவைக்கிறேன், கட்டளை உன்னுடையது.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்புகள். பிறக்கும் வருஷம் உனக்கு லீவையும், எனக்குப் புத்தியையும் கொண்டுவரட்டும் என்று ஆசீர்வதித்து முடிக்கும்,

உன் குற்றவாளி மாமா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், என் நடிப்பின் வெற்றியைச் சொல்லி மகிழ ஒலிப்பதிவாளரிடம் போனேன். அவர் நெளிந்தார். "தப்பா நினைக்காதீங்க சார். உங்க இருமலை வெச்சுப் பார்த்தேன், பாட்டு செத்துப்போச்சு. அதைக் கேட்ட பயத்துல ரெண்டு நாள் தேடி அந்தச் சுத்தம் பண்ணாத பிரதியைக் கண்டுபிடிச்சேன். அதுல இருந்த இருமலைத்தான் எடுத்து வெச்சு அனுப்பினேன், சொல்ல சங்கடமா இருந்தது" என்றார். ஆகவே மேற்கண்ட பாவமன்னிப்பை முழுமையாக வாபஸ் வாங்குகிறேன். ரெக்கார்டை உடைத்ததற்கு மட்டும் பொறுப்பேற்கிறேன், அதுவும் பாதிதான், நாற்காலியில் வைத்தது அவர். உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொல்லவும் என்ன இருக்கிறது? அவள் கேட்டாள், அத்தான் சரி என்றார்.