வெள்ளை வண்டி எங்கம்மா?

நான் ஒருமுறை கார் திருடி என்று சந்தேகிக்கப்பட்டு, பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக நாற்கரச் சாலை ஓரத்தில் இரண்டரை மணி நேரம் நின்றிருக்கிறேன். அது எங்கள் சொந்தக் கார். (சொந்தம்தான், ஆனால் ஆர்.சி.யில் இருப்பது என் வீட்டுக்காரர் பெயர். வினையே அங்கேதான்.)

அவருக்குத் துபாயில் ஏ.சி. மெக்கானிக் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. கல்யாணமாகி ஆறு வருடத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் அரை வருடம் தேறாது. அதிலும் பாதி, சொந்தக்காரர் வீட்டு விருந்துகளில் கோழிக் குழம்போடு போய்விடும். போனில் தினமும் பேசுவோம். 'சாப்ட்டியா', 'சாப்ட்டீங்களா', 'அங்கன மழை உண்டா', 'இல்ல, அங்கன?' துபாயில் மழை உண்டா என்று கோவில்பட்டியிலிருந்து கேட்ட பெருமை எனக்கு உண்டு.

இந்தக் கூத்துக்கு முந்தைய லீவில் வெள்ளை நிறப் பழைய கார் ஒன்றை வாங்கி, புதூர் ரோட்டில் கரிசல் காட்டுக்கு நடுவே எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து சீட்டில் அவர் சாய்ந்து உட்கார்ந்த அதே சாய்மானத்தை இரண்டு வருடம் காப்பாற்றினேன். (என் தம்பி ஒருநாள் அதை நிமிர்த்திவிட்டான். எட்டயபுரம் விலக்கிலேயே இறக்கிவிட்டேன். பஸ்ஸில் வந்தான்.)

ஒருநாள் போனில் அவர் சொன்னார்: "இங்கன ஒருத்தன் நீலக் கலர் கார் வச்சிருக்கான்ட்டி. இந்த மணலுக்குள்ள அது வரும்போது தண்ணி வார மாதிரி இருக்கு."

அவ்வளவுதான். அந்த ஒற்றை வாக்கியத்தை எட்டு மாதம் அடைகாத்தேன். அவர் வருவதற்குப் பத்து நாள் முன்பு காரை எடுத்துக்கொண்டு பைபாஸ் ஓரம் பெயிண்ட் பட்டறை வைத்திருந்த குருசாமி அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, நீலம் அடிக்கணும். மயில் கழுத்து நீலம்."

"அடிச்சிருவோம். கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம் ஒட்டிருவோமா? வெயிலுக்கு இதமா இருக்கும். முன்னாடி பம்பருக்கு மேல கம்பி கார்டு ஒண்ணு போட்டா வண்டி கம்பீரமா இருக்கும். நம்பரையும் கொஞ்சம் சுழிச்சு எழுதிருவோம்."

"இதெல்லாம் போடலாமா அண்ணாச்சி?"

"யாரு கேக்கப்போறா?"

கேட்பதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்திருக்கும் விஷயம் அண்ணாச்சிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வண்டி வெளியே வந்தபோது, மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பிய எருமை மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் அது கடலாகத் தெரிந்தது.

அவர் வருகிற அன்று விடிகாலையிலேயே மதுரை விமான நிலையத்துக்குப் புறப்பட்டேன். சாத்தூர் தாண்டியதும் ஒரு ஜீப். பக்கத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும். கையைக் காட்டினார்கள். கண்ணாடியை இறக்கி, வழி விசாரிக்கிறார்கள் போலும் என்று சிரித்தேன்.

இன்ஸ்பெக்டர் ஆர்.சி.யைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடியும் ஆர்.சி.யைப் பார்த்தார்.

"இதுல வெள்ளைன்னு போட்டிருக்கு. வெள்ளை வண்டி எங்கம்மா?"

"இதுதான் ஸார் அது."

"இது நீலம்."

"வெள்ளையாத்தான் ஸார் இருந்துச்சு."

"உரிமையாளர் எங்க?"

நான் மேலே கையைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "எப்பம்மா தவறினாரு?" என்றார் மெதுவாக.

"ஐயோ, ஸார்! பிளேன்ல வாராவ!"

அந்த இரக்கம் அதோடு போயிற்று. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கறுப்பு பிலிம் ஒட்டக்கூடாது. இந்தக் கம்பி கூடவே கூடாது. நடந்து போறவன் மேல பட்டா எலும்பு மிஞ்சாது. நம்பர் பிளேட்டை இப்படிக் கோலம் போடக்கூடாது. கலர் மாத்தலாம், அது தப்பில்ல. ஆனா ஆபீஸ்ல மனு கொடுத்து, ஆர்.சி.யிலயும் மாத்திக்கிடணும். நீங்க எதையும் செய்யல. இது உங்க வண்டிதானான்னு நான் எப்படி நம்புறது? உரிமையாளர்ட்டப் பேசணும்."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால் அவர்!

"ஏட்டி, இறங்கிட்டேன். பிளேன்ல கூட வந்தவரு போன்ல பேசுதேன். எங்கன நிக்க?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரே மாவட்டக் காற்றில் வருவதுபோல் பக்கத்தில் கேட்டது அந்தக் குரல். உண்மையைச் சொன்னால் நீலக் கார் ரகசியம் போய்விடுமே என்ற கவலை எனக்கு. (போலீஸ் பிடித்துவைத்திருக்கிறது, எனக்குக் கவலை ரகசியத்தைப் பற்றி.)

"கார் ஸ்டார்ட் ஆகலங்க. டாக்ஸி பிடிச்சு வந்திருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"யாரும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க வீட்டுக்காரவிய."

"உரிமையாளரா? அவரோட பேசணும்னுதானம்மா இவ்வளவு நேரமா நிக்கேன்!"

பதறிப்போய் அதே நம்பருக்கு அடித்தேன். "அவரு போயிட்டாரும்மா. நான் திண்டுக்கல்லுக்குக் கார்ல ஏறிட்டேன்" என்றது ஒரு குரல். போலீஸ்காரர் ஒருவர் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

கடைசி வழியாக, வண்டியின் அடிச்சட்டத்தில் கொத்தியிருக்கும் சேசிஸ் நம்பரை ஒத்துப் பார்க்க பானெட்டைத் திறந்தார்கள். குருசாமி அண்ணாச்சி தொழிலில் நேர்மையானவர், அதன் மேலும் நீலம் அடித்திருந்தார். இன்ஸ்பெக்டர் துணியில் பெட்ரோல் நனைத்து ஒவ்வொரு எண்ணாகத் தேய்த்து வெளியே எடுத்தார். எண் ஒத்துப்போனது. அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, பிலிமை அங்கேயே உரிக்க வைத்து, "வீட்டுக்குப் போய்ச் சேருங்கம்மா. பூ வாடுது" என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் பெட்டியின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். காது ஓரம் நரை இருந்தது, போனில் தெரியாத நரை. கண்ணீரும் பெட்ரோல் வாடையுமாக இறங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார்.

"ஏட்டி, இது சாத்தூர்கிட்ட போலீஸ் மடக்கி வச்சிருந்த களவாணிக் காருல்லா? டாக்ஸிக்காரன்ட்டக் காட்டிக்கூட வந்தேனே!"

சாலைக்கு நடுவில் ஓர் அரளிச் செடி வரிசைதான். இரண்டு வருடம் காத்திருந்த மனுசன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவர் என்னைக் கடந்து போயிருக்கிறார்.

"நீங்கதான நீலம் தண்ணி மாதிரி இருக்கும்னீங்க?" என்று ஓவென்று அழுதேன்.

"நானா? எப்பம்?" என்றார்.

லீவில் பதினொரு நாள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போயிற்று. ஒருநாள் நான் படிவத்தைத் தப்பாக நிரப்பினேன். ஒருநாள் இன்சூரன்ஸ் காகிதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனோம். ஒருநாள் கம்பி கார்டைக் கழற்றாமல் வண்டியைக் காட்டப் போய்த் திட்டு வாங்கினோம். மற்ற நாளெல்லாம் வேப்பமரத்தடி பெஞ்சில் காத்திருந்தோம். விருந்துக்குக் கூப்பிட்டவர்களிடம் 'ஆபீஸுக்குப் போகணும்' என்று சொல்லித் தப்பித்தோம். அந்த பெஞ்சில்தான் அவர் தங்கியிருக்கும் அறையில் எத்தனை பேர், யார் குறட்டை விடுவார், எந்த வெள்ளிக்கிழமை அவர் கக்கூஸில் போய் நின்று அழுதார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. அதுவரை நாங்கள் மழையைப் பற்றித்தானே பேசியிருந்தோம்.

அவர் திரும்பிப் போன மறுவாரம் புது ஆர்.சி. தபாலில் வந்தது. நிறம் என்ற இடத்தில் நீலம் என்று இருந்ததைப் படம் பிடித்து அனுப்பினேன்.

இப்போதும் கல்யாண வீட்டுக்கு நான் பிந்திப் போனால் என் மதினி பந்தியிலேயே சத்தமாகச் சொல்வாள்: "சாத்தூர்ல மடக்கியிருப்பாவ!" குழந்தைகள்கூடச் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அடுத்த லீவு சித்திரையில். நேற்று போனில் சாப்பாடு, மழை எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஆரம்பித்தார்:

"ஏட்டி, இந்தத் தடவை காருக்குப் பச்சை அடிப்பமா? நான் வந்தபிறகே மனு கொடுப்போம். ஆபீஸுக்குப் போயி ரொம்ப நாளாச்சு."