தலையில் தாங்கிய கூரை

இந்த வீட்டில் எனக்கென்று சொந்தமாக இருப்பது ஒரே ஒரு ஆணி. அதிலும் என் மனைவியின் கைப்பைதான் தொங்குகிறது. அதனால்தான் பின்பக்க அறை காலியானதும் முடிவு கட்டிவிட்டேன். என்ன ஆனாலும் சரி, அந்த அறை எனக்கு! ஒரு சாய்வு நாற்காலி, நான், சாத்திய கதவு. போதும்.

அவளுக்கோ அங்கே தையல் மெஷின் போட வேண்டும்.

கூரைக்குப் பலகை மாட்டுவது மட்டும்தான் பாக்கி. இரும்புச் சட்டம் அடித்துவிட்டுப் போன ஆள் போனையே எடுக்கவில்லை. "ஜிப்சம் பலகைதானே? தனியாளா நானே மாட்டிக் காட்டறேன்!" என்று மார்தட்டினேன்.

"சரிங்க. யார்கிட்டயும் உதவி கேக்காம மாட்டிட்டா ரூம் உங்களுக்கு. கேட்டுட்டா எனக்கு."

"எழுதிக் கொடுக்கட்டுமா?"

"வேணாம். உங்க வாய் போதும்."

தனியாளுக்கும் ஒரு வழி உண்டு. நீளக் கட்டையின் தலையில் குறுக்குக் கட்டை அடித்தால் முட்டுக்கட்டை தயார். பலகையை அது தாங்கும், நாம் நிம்மதியாக ஸ்க்ரூ முடுக்கலாம். உயரத்தை அளந்தேன். பலகையின் கனத்தைக் கழித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறையும் கழித்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஆறடிப் பலகையைத் தலையில் சுமந்து ஸ்டூலில் ஏறி, உச்சந்தலையால் அதைச் சட்டத்தோடு அழுத்தினேன். ஒரு கையால் முட்டுக்கட்டையை நிமிர்த்தினால், ஒரு விரல் கனம் குறைகிறது! நகர்ந்தால் பலகை விழும். விழுந்தால் தூள். ஸ்டூல் வேறு தாளம் போட்டது.

வாசலில் அவள், டீ டம்ளரோடு.

"ஏங்க, உதவி வேணுமா?"

"வேணாம்!"

"கழுத்து உள்ள போயிட்டிருக்கே?"

"அது எப்பவும் அப்படித்தான்!"

"கை நடுங்குதே?"

"உற்சாகத்துல!"

"டீ?"

"ஸ்டூல்ல வை... வேணாம், நீயே குடி!"

குடித்தாள். நிதானமாக, ஊதி ஊதிக் குடித்தாள். எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. ஆனாலும் வாயைத் திறப்பேனா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்கே மனசு இளகிவிட்டது போல. தன் தையல் புத்தகத்தைக் கொண்டுவந்து முட்டுக்கட்டைக்கு அடியில் செருகினாள். கட்டை கச்சிதமாக நின்றது. பலகையும் நின்றது. என் கைகள் இரண்டும் ஈரத் துணி மாதிரி தொங்கின. அப்பாடா!

"பாத்தியா? நான் கேக்கவே இல்ல. நீயாத்தான் வந்தே!"

"ஆமாங்க, நீங்க கேக்கல. என் மேலதான் தப்பு." குனிந்து புத்தகத்தைப் பிடித்தாள். "எடுத்துடறேன்."

"ஐயய்யோ, எடுக்காதே! எடுக்காதேம்மா! ஸ்க்ரூ முடுக்கற வரைக்குமாவது இருக்கட்டும், ப்ளீஸ்!"

"இப்ப என்ன கேட்டீங்க?"

புத்தகம் ஒரு இழை நகர்ந்தது. மேலே பலகை முனகியது.

"உதவி," என்றேன்.

"அப்படி வாங்க வழிக்கு," என்று கையை எடுத்தாள்.

மீதி ஆறு பலகைகளையும் அன்றைக்கே மாட்டி முடித்தேன். தனியாளாக, அவளுடைய தையல் அறைக்கு.