தொலைய மறுத்த காய்த்தோல் பதிவேடு

மாசாய்,
சனிக்கிழமை மாலை.

ஆண்டவர் அருளால் ரெங்கத்தில் குறைவின்றி வாழும் அன்பு அண்ணன் செபஸ்தியன் அவர்களுக்கும் வலேரி அண்ணிக்கும் தங்கை ஜெரால்டின் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளை கால்வினும் சுகம். அவருடைய இடது முட்டி மட்டும் சுகமில்லை. மழை வருமுன் அது வலிப்பதால் எங்கள் தெருவில் காயப்போட்ட துணியை அவரைக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். அண்ணியின் இரத்த அழுத்தம் இறங்கத் தினமும் ஒரு செபமாலை சொல்கிறேன். இத்துடன் பெட்டியில் கத்தரிக்காய் ஒன்பது, வெண்டைக்காய் முப்பத்தொன்று, பூசணி ஒன்று. மருந்து படாத காய், கழுவாமலே கடிக்கலாம். போன மாதம் அனுப்பிய பூசணியைப் பொங்கல் பூசையில் பீடத்துக்கு முன்னால் வைத்து, "என் தங்கச்சி கையால விளைஞ்சது, சாமி" என்று நீங்கள் சொன்னதாக அண்ணி போனில் சொன்னபோது நான் அவசரமாக மருந்தைப் பற்றிப் பேச்சை மாற்றிவிட்டேன். இப்படி விளைய வைக்க என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உரம்தான், அண்ணா. எங்கள் தாமான் வீடுகளுக்குப் பின்னால், கிழிந்த மெத்தையும் உடைந்த டிவியும் கொட்டிக் கிடந்த காலி நிலத்தை இருபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து துப்புரவாக்கி, ஆளுக்கொரு பாத்தி பிரித்துக்கொண்டோம் அல்லவா? அங்கே கடை உரம் போடக் கூடாது. வீட்டில் விழும் காய்த்தோலை வாளியில் கொண்டுவந்து உரத் தொட்டியில் கொட்டினால் அது மட்கிக் கறுப்பு மண்ணாகிவிடும். தலைவர் மகேஸ்வரன், மைக் கையில் கிடைத்தால் திருப்பித் தராதவர், முதல் கூட்டத்திலேயே என்னைக் காட்டி, "அக்கா, ரெஜிஸ்டர் நீங்கதான் எழுதணும். கேஸ் தோம்பு மாத்துன தேதி, புருஷன் முடி வெட்டுன தேதியெல்லாம் எழுதி வெக்கிற ஆளு இந்தத் தாமான்ல வேற யாரு இருக்கா லா?" என்றார். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒரு பதவி! விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் யூடியூப்பையும் வைத்து நானே எல்லாம் படித்துக்கொண்டேன். காலையில் வாளிகள் வரும். கேக் செய்யும் தராசில் நிறுத்து, வீட்டு எண், எடை, உள்ளே என்ன இருந்தது என்று எழுதுவேன். சாயங்காலம் இருபத்து மூன்றாம் எண் வீட்டு அய்யாவு அண்ணன் முள்கரண்டியால் தொட்டியைக் கிளறிவிடுவார். என்னைக் 'கிராணியம்மா' என்றுதான் கூப்பிடுவார். ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் பேர் எழுதுகிறவருக்கு இருந்த மரியாதை எனக்கும் கிடைத்தது.

ஆனால் அண்ணா, ஒரு வீட்டைத் தெரிந்துகொள்ள அந்த வீட்டுக் காய்த்தோலைப் பார்த்தால் போதும். வெள்ளிக்கிழமை சுத்த சைவம் என்ற வீட்டிலிருந்து சனிக்கிழமை காலை நண்டு ஓடு வந்தது. இன்ஸ்டன்ட் மீ நூடுல்ஸ் சாப்பிட்டால் குடல் போய்விடும் என்று மைக்கில் முக்கால் மணி நேரம் பேசிய மகேஸ்வரனின் மூன்றாம் எண் வாளியில் மீ மசாலா பாக்கெட் பதினொன்று கிடந்தது. நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

இருபத்து மூன்றாம் வாளிதான் என்னை ஆட்டி வைத்தது. அய்யாவு அண்ணனின் மனைவி அங்கம்மா அக்கா, கோயில் திருவிழா அன்னதானத்துக்குப் பதினெட்டு வருடமாகக் கரண்டி பிடிக்கிறவர். அவர் தோல் சீவினால் பாதிக் காயும் கூடவே வந்துவிடும். தாராளமான கை. அக்டோபர் மாதம் ஒரு நாள் அந்த வாளியில் பூசணித் தோல் ஒரே சுருளாக, காகிதம்போல, எங்கும் அறுபடாமல் வந்தது. எடுத்துத் தூக்கிப் பார்த்தேன். இடது மேட்டிலிருந்து வலது பள்ளத்துக்குச் சரிந்து இறங்கும் வெட்டு. அண்ணா, உங்களுக்குத் தெரியாதா அந்த வெட்டு? நம் அப்பா பால்மரம் சீவுகிற அதே சரிவு! மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் எடுக்கிற கை. அய்யாவு அண்ணனும் முப்பது வருடம் மரம் சீவியவர். அன்றைக்கே எழுதிவிட்டேன்: 'வீடு 23, பூசணித் தோல், இருநூறு கிராம், அய்யாவு சீவியது.' அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் எழுதினேன். அவரோ தோட்டத்தில் வயிற்றைத் தடவிக்கொண்டு, "நேத்து எங்க வீட்டுக்காரம்மா ஒரு சாம்பார் வெச்சா பாருங்க!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கறிவேப்பிலை கொடுக்கிற சாக்கில் ஒரு நாள் போனேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அங்கம்மா அக்கா நாற்காலியில் இருக்கிறார். வலது கை மடியில் துண்டுக்குள் தூங்குகிறது. அய்யாவு அண்ணன் அடுப்புக்கு முன்னால் நிற்கிறார்.

"உப்பு."

"போட்டாச்சு."

"நாக்குல போட்டியா, கொழம்புல போட்டியா? இன்னும் ஒரு சிட்டிகை. ஐயோ, அது சிட்டிகையா? மாட்டுக்கா வெக்கிற?"

"சரிங்க தண்டலம்மா. பேர் வெட்டிடாதீங்க தண்டலம்மா."

நாள் கூலியை வெட்டுகிற தோட்டத்து மேஸ்திரியிடம் கெஞ்சுகிற அதே குரல். அக்கா சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். பின்னால் நகரும்போது அவர்கள் பூச்சட்டி இரண்டை உருட்டிவிட்டேன். அய்யாவு அண்ணன் வெளியே ஓடி வந்து வேலியோரம் என்னை நிறுத்தி, கையில் கரண்டியோடு கும்பிட்டார். "லேசா பக்கவாதம் மா. கை திரும்பிடும்னு டாக்டர் சொல்லிருக்காரு. அதுவரைக்கும் வெளிய தெரிய வேணாம். தெரிஞ்சா 'பாவம்'னு சொல்லி அன்னதானக் கரண்டிய வேற ஆள்கிட்ட குடுத்திடுவாங்க. கரண்டி போனாக்கூடப் பரவால்ல, அந்தப் 'பாவம்'ங்கிற வார்த்தைய அவ தாங்க மாட்டா." நான் தலையாட்டினேன். கல்யாணத்தன்று சத்தம் போட்டு வாக்குக் கொடுத்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கரண்டியோடு நின்று வாக்கைக் காப்பாற்றுகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் போனைப் பார்த்தேன். மகேஸ்வரன் வாட்ஸப்பில் போட்டுவிட்டார்: தோட்டத்துக்கு ஒரு வயது, அந்த விழாவில் பதிவேட்டை மைக்கில் முழுக்க வாசிப்பாராம், மிகச் சுத்தமான வாளிக்குப் பூவாளியும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் பாத்தியும் பரிசாம். சுத்தம் என்றால் இருபத்து மூன்றுதான். வாசித்தால் 'அய்யாவு சீவியது, அய்யாவு சீவியது' என்று நான்கு மாதமும் வெளியே வரும். அந்த வரிகளை அடிக்கவும் கிழிக்கவும் என் மனசாட்சி விடாது. ஆனால் பதிவேடு தானாகத் தொலைந்தால் அது என் பாவமில்லையே! அதனால் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் புனித அந்தோனியாரிடம் முழந்தாளிட்டு, "ஐயா, ஒரே ஒரு தடவை மாற்றிச் செய்யும்" என்று கேட்டேன். முதலில் தோட்டத்து பெஞ்சில் மழைக்கு விட்டேன். உங்கள் மாப்பிள்ளை அதற்குப் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பிளாஸ்டிக் அட்டை போட்டிருக்கிறார், ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பிறகு பஸ்ஸில் விட்டு இறங்கினேன். மறுநாள் அதே பஸ்காரர் ஜன்னல் வழியாக, "அலமாக், மாக்சிக்! புக்கு!" என்று மலாயில் கத்திக் கையில் திணித்துவிட்டுப் போனார். கடைசியாக ஞாயிறு பூசையில் மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். நற்கருணை முடிந்து எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது உபதேசியார் மைக்கில், "காய்த்தோல் பதிவேடு தவறவிட்டவர் முன்னால் வரவும்" என்றார். நடந்து போய் வாங்கினேன், அண்ணா. முந்நூறு பேர் பார்த்தார்கள். அந்தோனியாருக்குத் தொலைக்கத் தெரியாது. அவர் தொழில் அது இல்லை.

இன்று காலைதான் அந்த விழா. மகேஸ்வரன் பதிவேட்டைத் திறந்தார். அய்யாவு அண்ணன் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். "ஒன்னாம் நம்பர் வீடு, வாழப்பழத் தோல், எண்ணூறு கிராம்!" கைதட்டல். "ரெண்டாம் நம்பர் வீடு, கீரைத் தண்டு, நானூறு கிராம்!" கைதட்டல். "மூனாம் நம்பர் வீடு..." என்று ஆரம்பித்தவர் நின்றார். கண் மட்டும் வரியில் ஓடியது. கூட்டத்திலிருந்து அவர் மனைவி, "ஏங்க, நிறுத்திட்டீங்க? நம்ம வீடுதானே, சத்தமாப் படிங்க!" என்றார். மகேஸ்வரன் மைக்கைத் தட்டினார். "இது... மழ வர்ற மாதிரி இருக்கு." உடனே எல்லாரும் கால்வினைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் எழுந்து நின்று, "இல்லையே, முட்டி ஒன்னும் வலிக்கலையே!" என்கிறார். மகேஸ்வரன் பதிவேட்டை மூடி அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, "நேரா பரிசுக்குப் போலாம்! இருபத்து மூனாம் நம்பர் வீடு!" என்றார். மறைக்க நினைத்துத் தொலைக்கப் பார்த்தேன். உள்ளதை எழுதியதே காப்பாற்றியது.

அங்கம்மா அக்கா மேடையேறினார். அவருடைய வலது கையைப் புது மாப்பிள்ளை மாதிரி அய்யாவு அண்ணன் கோத்துப் பிடித்திருந்தார். பின் வரிசையில் விசில் அடித்தார்கள். இடது கையால் பூவாளியை வாங்கிய அக்கா, மைக்கில், "எங்க வீட்டு சமையல் ஒத்தை ஆள் வேல இல்ல. நான் வாயத் தொறப்பேன், இவரு காய் சீவுவாரு" என்றார். கூட்டமே சிரித்தது. உண்மையைச் சபைக்கு முன்னால் சொல்லியும் ஒருவர் வாயிலிருந்தும் அந்தப் 'பாவம்' வரவில்லை. இப்படி ஒரு பெண்ணை நான் எங்கே பார்த்தேன், அண்ணா! ரெங்கத்தில் அவர்களை யாருக்கும் தெரியாது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அண்ணிக்கு மட்டும் படித்துக் காட்டுங்கள்.

இறங்கும்போது அக்கா என் உள்ளங்கையில் ஒரு தீப்பெட்டியை வைத்து, "வீட்டுக்குப் போய்த் தொற" என்றார். வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன், இனிமேல்தான் திறக்க வேண்டும். உங்கள் வீட்டில் உடல் நலமும் மன அமைதியும் தங்க இறைவன் துணை நிற்பாராக. அண்ணி மருந்தை மறக்க வேண்டாம். அந்தப் பூசணியைப் பற்றிச் சாமியாரிடம் இன்னொரு தடவை புகழ வேண்டாம், எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பாசமுள்ள தங்கை
ஜெரால்டின்

பி.கு.: தீப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே சூப்பர்மார்க்கெட் விலை ஸ்டிக்கர்கள். இரண்டு முறை எண்ணினேன், பதினேழு. எல்லாம் என் வாளியில் விழுந்த கத்தரிக்காய்க் காம்பிலும் பூசணித் தோலிலும் ஒட்டியிருந்தவை. தொட்டியைக் கிளறும்போது அய்யாவு அண்ணன் ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்து வைத்திருக்கிறார். கூடவே இடது கையால் கோணலாக எழுதிய ஒரு துண்டுச் சீட்டு: 'கிராணியம்மா, இது மக்காது. நாங்களும் எழுதி வெக்கல.'

அண்ணா, பீடத்துக்கு முன்னால் வைத்த பூசணி கடையில் வாங்கியது. இந்தப் பெட்டியில் இருப்பதும் அதே கடைதான், தயவுசெய்து நன்றாகக் கழுவுங்கள். பாத்தி கிடைத்தபோது, "நீ வெளைய வெச்சு நாங்க சாப்புடவா?" என்று நீங்கள் கேட்டீர்களே, அந்த ரோஷம். ஊரார் வாளியை எழுதிய நோட்டில் என் வாளிக்கு ஒரு பக்கம்கூட இல்லை. நாளைக்கே பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். ரெங்கத்துச் சாமியாரிடமும் நானே வந்து சொல்கிறேன். என் பாத்தியில் இதுவரை விளைந்தது ஒரே ஒரு கத்தரிக்காய். அதற்குள்ளும் ஒரு புழு குடியிருந்தது, நான் கலைக்கவில்லை. குழாய்ப் பக்கத்துப் பாத்தியில் திங்கட்கிழமை முதல் நாங்கள் மூன்று பேர். அக்கா நாற்காலியில் இருந்து அதட்டுவார், நானும் அய்யாவு அண்ணனும் கொத்துவோம்.

இனி வரும் பெட்டி சின்னதாகத்தான் இருக்கும். உள்ளே புழு இருந்தால், அது என் கையால் விளைந்தது என்று தாராளமாக நம்பலாம்.