கெட்டி எண்ணெய் ஜெயித்த கதை

கண்ணாடிக்கடைக்காரர் அன்று ஒரு தீர்மானத்துக்கு வந்தார். கிழட்டுக் காருக்குக் கெட்டி எண்ணெய்தான். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

வண்டிக்கு இருபத்திரண்டு வயது. ஓடிய தூரத்தை நேர்கோட்டில் நீட்டியிருந்தால் நிலாவில் இறங்கிக் கைகால் கழுவியிருக்கலாம். கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் யாரோ தட்டச்சு அடிக்கிற மாதிரி சத்தம்.

"வயசான எஞ்சின், உள்ளே எல்லாம் தேஞ்சு இடைவெளி விழுந்திருக்கும். இருபது-ஐம்பதுன்னு கெட்டி எண்ணெய் வருது, அதைப் போட்டா அடைச்சுக்கும்," என்றார்.

மனைவி வண்டியோடு வந்த புத்தகத்தை விரித்தாள். "இதுல அஞ்சு-முப்பதுன்னு இளகின எண்ணெய்தானே போட்டிருக்கு. வண்டி எண்ணெயும் குடிக்கல, புகையும் விடல. கெட்டியா ஊத்தினா காலையில எண்ணெய் மேலே ஏறவே நேரமாகும். அதுவரைக்கும் எஞ்சின் காஞ்சு கிடக்கும்."

"புத்தகம் எழுதினவன் புது வண்டிக்கு எழுதினான்."

"கண்ணாடி விக்கிறவரு மட்டும் பழைய வண்டிக்குப் படிச்சாரா?"

அவருக்குச் சுருக்கென்றது. "பந்தயம்! ஒரு மாசம் பார்ப்போம். சத்தம் நின்னுட்டா நான் சொன்ன எண்ணெய் சரி. நிக்கலைன்னா நீ சொன்னது."

"ஜெயிச்சா என்ன?"

"என்ன வேணும்?"

"சாவி. மலை மேல மக வீட்டுக்கு நான்தான் ஓட்டுவேன்."

லைசென்ஸ் வாங்கி இத்தனை வருடத்தில் அவளுக்கு ஸ்டியரிங்கைத் துடைக்கத்தான் அனுமதி. ஆனால் எண்ணெய் மேல் அவ்வளவு நம்பிக்கை. "சரி. யார் சொன்ன எண்ணெய் ஜெயிக்குதோ அவங்க கையில சாவி," என்று சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

அன்று சாயங்காலமே வண்டிக்கு அடியில் படுத்துப் பழையதை இறக்கினார். கெட்டி எண்ணெயை ஊற்றினார். பாதி சட்டைக்கு, மீதி வண்டிக்கு.

மறுநாள் நடந்தே கடைக்குப் போனார். அதற்கு அடுத்த நாள் காலை சாவியைத் திருகினார். ஒரே திருகு! தட்டச்சு நின்று போயிருந்தது. பூனை தூங்குகிற மாதிரி ஒரு முனகல்.

"கேட்டியா, கேட்டியா!"

"கேக்குதுங்க. எண்ணெய் நல்ல எண்ணெய்தான்."

மாதம் முழுக்கத் தெருவே அவர் பிரசங்கம் கேட்டது. மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்கள் எண்ணெய் ஞானத்தோடு திரும்பினார்கள். கடைசி நாள் மனைவி பவ்யமாக ஒரு தாளை நீட்டினாள். "எழுதிக் குடுங்க, மககிட்ட காட்டணும்." அவர் மீசையை நீவிக்கொண்டு, 'இப்போது வண்டியில் இருக்கும் எண்ணெயே இதற்குச் சரியான எண்ணெய்' என்று எழுதித் தேதியோடு கையெழுத்தும் போட்டார்.

மலைக்குக் கிளம்பும் வழியில் மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தினார். "வழிக்கு ஆகும், அதே எண்ணெய்ல ஒரு புட்டி குடுப்பா."

மெக்கானிக் எடுத்து வந்ததைப் பார்த்தார். அஞ்சு-முப்பது.

"இது இல்லப்பா! கெட்டி!"

"இதானே சார் போன மாசம் போட்டேன்? முந்தின நாள்தான் யாரோ கூழ் மாதிரி எதையோ ஊத்தியிருந்தாங்க. அம்மா வந்து அதை இறக்கிட்டு இதைப் போடச் சொன்னாங்க."

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண்ணாடி போட்டும் எதுவும் தெரியவில்லை. மெல்லத் திரும்பினார். மனைவி அவர் எழுதிய தாளை அழகாக மடித்துக் கொண்டிருந்தாள்.

பேச்சு பேச்சுதான். இறங்கி வந்து சாவியை நீட்டினார். நீட்டும்போதுதான் ஒன்று உறைத்தது. "ஏம்மா, அன்னிக்கு இங்கே வரைக்கும் வண்டியை யார் ஓட்டிட்டு வந்தது? சாவி என் பையில இல்ல இருந்துச்சு?"

அவள் கைப்பையைத் திறந்தாள்.

"அதை நீங்களே வச்சுக்கங்க. என்கிட்ட எட்டு வருஷமா ஒண்ணு இருக்கு."